இ-ஹெய்லிங் கார்களைப் பொதுச் சார்ஜரிலிருந்து ஒதுக்கலாமா?

8 அக்டோபர் 2025 – டாமான்சாரா வாசகர் ஒருவர் கேட்டது

"சொந்த உபயோகத்துக்கு மின்சாரக் கார் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை குடும்பத்தோடு மாலுக்குப் போனால் இருக்கிற டிசி வேகச் சார்ஜர்களில் பாதிக்கு மேல் செயலி வழி வாடகைக்கு ஓடும் இ-ஹெய்லிங் கார்கள். ஓட்டுநர்கள் சீட்டைச் சாய்த்துத் தூங்குகிறார்கள். தொழிலுக்குக் கார் ஓட்டுபவர்கள் தொழில் செலவாகத் தனி இடம் பார்த்துக்கொள்ள வேண்டாமா? டெஸ்லா 2017-லேயே வாடகைக்கு ஓடும் கார்கள் தன் வேகச் சார்ஜரான சூப்பர்சார்ஜருக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டது. இங்கேயும் அப்படி ஒரு விதி வர வேண்டும். பகலிலாவது தடை போட வேண்டும். என்ன சொல்கிறீர்கள்?"

8 அக்டோபர், இரவு

அப்படித் தூங்குகிறவர்களில் நானும் ஒருத்தி. அதனால் நானே முதலில் எழுதுகிறேன்.

எனக்குக் கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு, நான்காவது மாடி. விடியற்காலை எழுந்து ஏர்போர்ட் சவாரி எடுப்பேன். இங்கிருந்து கேஎல்ஐஏ போய்த் திரும்பினாலே நூற்று முப்பது கிலோமீட்டரை நெருங்கிவிடும். அப்புறம் ஆபீஸ் நேரத்துக் கூட்டம், பள்ளிப் பிள்ளைகள், மருத்துவமனைக்குப் போகும் பெரியவர்கள். நண்பகல் தாண்டும்போது பேட்டரி இருபது சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். சார்ஜரில் நிற்கும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் சாப்பாடு, குட்டித் தூக்கம், பிள்ளைகள் வீடு வந்து சேர்ந்தார்களா என்று ஒரு போன்.

தனி இடம் பார்த்துக்கொள் என்கிறீர்கள். தரைவீட்டில் இருப்பவர் போர்ச்சில் ஒரு பெட்டியை மாட்டி, இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். எங்கள் பிளாட்டில் மீட்டர்கள் எல்லாம் கீழே ஒரு அறையில் பூட்டிக் கிடக்கின்றன. கார் நிறுத்தும் இடம் பொது, முதலில் வந்தவருக்குத்தான் நிழல். அங்கே சார்ஜர் வைக்க வேண்டுமானால் மேனேஜ்மென்ட் சம்மதிக்க வேண்டும், கட்டடத்துக்கு வரும் மின்சாரம் தாங்குமா என்று ஆள் வந்து பார்க்க வேண்டும், செலவை யார் போடுவது என்று கூட்டத்தில் பேச வேண்டும். கார் இல்லாத வீடுகளும், மோட்டார் சைக்கிள் மட்டும் வைத்திருக்கும் வீடுகளும் "எங்களுக்கு எதற்கு?" என்று கேட்கும். கேட்பதிலும் நியாயம் உண்டு.

ஆகவே எனக்கு வீட்டுச் சார்ஜர் என்று ஒன்று இருந்தால் அது இந்தப் பொதுச் சார்ஜர்தான். இதையும் பூட்டினால் நான் காரை விற்க வேண்டும். எனக்கு மட்டும் வந்த கதையும் இல்லை. பிபிஆர் என்ற அரசாங்க மலிவு வீடுகளிலும் பழைய பிளாட்டுகளிலும் இருந்துதான் இந்த நகரத்து ஓட்டுநர்கள் பெரும்பாலும் கிளம்புகிறோம்.

9 அக்டோபர்

டெஸ்லா விதியைப் பற்றி. அதைச் சொல்லும் பலரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

2017 டிசம்பர் 15-க்குப் பிறகு வாங்கிய கார்களுக்கு அந்த விதி. டாக்சி, செயலி வழி வாடகை, பொருள் விநியோகம், அரசாங்க வேலை இவற்றுக்கு ஓடும் கார்கள் சூப்பர்சார்ஜரைப் பயன்படுத்த வேண்டாம் என்றார்கள். காரணமும் சொன்னார்கள்: அந்தச் சார்ஜர்கள் நெடுந்தூரப் பயணிகளுக்காகவும், வீட்டிலோ வேலையிடத்திலோ சார்ஜ் போட வழியில்லாதவர்களுக்காகவும் வைக்கப்பட்டவை. இந்த இரண்டாவது வகையை இன்னொரு தடவை படியுங்கள். வீட்டில் வழியில்லாதவள் நான். டாமான்சாரா அண்ணன் வீட்டில் போர்ச்சும் மீட்டரும் இருந்தால், அந்தக் காரணத்தின்படி சனிக்கிழமை மாலை அந்தச் சார்ஜர் யாருக்கு?

இன்னொன்று, அது ஒரு நிறுவனம் தன் காசில், தன் கார் வாங்கியவர்களுக்காகக் கட்டியது. அது வைக்கும் விதி அதன் இஷ்டம். நம் பொதுச் சார்ஜர்கள் அப்படி வந்தவை அல்ல. 2025-க்குள் பத்தாயிரம் பொதுச் சார்ஜர்கள் என்று மலேசிய அரசாங்கம் இலக்கு வைத்தது. ஆண்டு முடியப் போகிறது, எண்ணிக்கை இன்னும் வெகு தொலைவில் நிற்கிறது. பற்றாக்குறை அங்கே இருக்கும்போது, கியூவில் நிற்பவர்களைத் தொழில் வாரியாகப் பிரித்து யாரை முதலில் விரட்டலாம் என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

10 அக்டோபர்

"மலிவாகக் கிடைக்கிறது என்றுதானே சார்ஜரிலேயே குடியிருக்கிறீர்கள்" என்று ஷா ஆலம் தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, கணக்குப் பார்ப்போம்.

என் கார் நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து யூனிட் போலத் தின்னும். டிசி சார்ஜரில் யூனிட் 1 வெள்ளி (ரிங்கிட்) 40 காசு என்று வைத்துக்கொண்டால் 21 வெள்ளி. இதைவிடக் கூடுதலாக வாங்கும் இடங்களும் உண்டு. மாலில் நின்றால் பார்க்கிங் காசு தனி. வீட்டில் போட முடிந்தால் யூனிட்டுக்கு அரை வெள்ளி, கொஞ்சம் முன்னே பின்னே. எட்டு வெள்ளியில் முடிந்துவிடும்.

இப்போது பெட்ரோல் பக்கம் வாருங்கள். 2025 செப்டம்பர் கடைசியில் தொடங்கிய பூடி95 பெட்ரோல் மானியத் திட்டத்தில் குடிமக்களுக்கு லிட்டர் 1 வெள்ளி 99 காசு, மாதம் 300 லிட்டர் வரை. இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கு அதற்கு மேலும் தருகிறார்கள். பெசா மாதிரி ஒரு சின்ன பெட்ரோல் கார் நூறு கிலோமீட்டருக்கு ஆறு லிட்டர் குடித்தால் 12 வெள்ளி.

அதாவது, டிசியை மட்டும் நம்பி ஓட்டுகிறவர் பெசா ஓட்டுபவரைவிட நூறு கிலோமீட்டருக்கு ஒன்பது வெள்ளி கூடக் கட்டுகிறார். ஒரு நாளைக்கு இருநூறு, இருநூற்றைம்பது ஓட்டினால் சாப்பாட்டுக் காசு முழுவதும் அதில் போகிறது. சும்மா குடியிருக்க யாராவது இந்த விலை கொடுப்பார்களா? வேறு வழி இல்லாததால் அங்கே நிற்கிறோம்.

10 அக்டோபர், கொஞ்ச நேரம் கழித்து

"அப்படியானால் ஏன்கா வாங்குனீங்க?" என்று அதே தம்பி. நியாயமான கேள்வி. மாதா மாதம் ஆயில் மாற்றும் செலவு இல்லை, ரோடு டாக்ஸ் 2025 முடியும்வரை இல்லை. நான் வாங்கிய காலத்தில் சில மால்களில் மெதுவான ஏசி சார்ஜ் இலவசமாகவே கிடைத்தது. மத்தியானம் அங்கே போட்டுவிட்டு, பக்கத்து மாமாக் கடையில் சாப்பிட்டு, மாலைக் கூட்டத்துக்குத் திரும்புவேன். இலவசம் ஒவ்வொன்றாக நின்றுவிட்டது. கார் கடன் நிற்கவில்லை.

13 அக்டோபர்

தடை என்றே வைத்துக்கொள்வோம். யாரை, எதை வைத்துப் பிடிப்பீர்கள்?

இ-ஹெய்லிங் ஓட்டுபவருக்குப் பயணிகளை ஏற்றுவதற்கான பிஎஸ்வி லைசென்ஸ் வேண்டும், 2019-லிருந்து அது கட்டாயம். காருக்கு அபாட் என்ற தரைப் பொதுப் போக்குவரத்து முகமை கொடுக்கும் பெர்மிட் வேண்டும், கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஸ்டிக்கரைப் பார்த்து விரட்டலாம் என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். அந்த ஸ்டிக்கர் ஒட்டிய காரில்தான் ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளைகளைப் பத்துமலைக்கு அழைத்துப் போகிறேன். அன்றைக்கு நான் யார்? வாரத்தில் இரண்டு ராத்திரி மட்டும் ஓட்டி, மற்ற நாட்களில் ஆபீஸ் போகிற ஆள் யார்?

மறுபக்கம், நாள் முழுக்க வீடு காட்டித் திரியும் சொத்து முகவர் இருக்கிறார். காப்புறுதி முகவர் இருக்கிறார். பூட்டில் பலகாரப் பெட்டிகளை அடுக்கி ஆன்லைன் ஆர்டர் கொண்டு போகும் அக்கா இருக்கிறார். இவர்களும் பிழைப்புக்குத்தான் கார் ஓட்டுகிறார்கள், என்னைவிடக் கூடவும் ஓட்டலாம். இவர்கள் கண்ணாடியில் ஒன்றும் ஒட்டியிருக்காது. சட்டத்தை மதித்து, பெர்மிட் எடுத்து, ஸ்டிக்கர் ஒட்டியவர் மட்டும் மாட்டிக்கொள்வார். பெர்மிட் இல்லாமல் திருட்டுத்தனமாக ஓட்டுபவர் பக்கத்துச் சார்ஜரில் நிம்மதியாகப் போட்டுக்கொள்வார்.

18 அக்டோபர்

பிள்ளைகளோடு சுங்கை சிப்புட் கிளம்பிவிட்டேன், அம்மா வீட்டில் தீபாவளி. பதில்கள் வந்து எழுதுகிறேன். எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துகள், மெதுவாக ஓட்டுங்கள்.

22 அக்டோபர்

திரும்பிவிட்டேன். போன வழியில் பார்த்ததை விரிவாகவே எழுத வேண்டும்.

வடக்கு நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் ஓர் ஓய்விடம். டிசி பெட்டி ஒன்று, துப்பாக்கி (காரில் குத்தும் சார்ஜ் முனை) இரண்டு. எனக்கு முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. ஆனால் வரிசை என்று ஒன்று அங்கே கிடையாது, ஆளுக்கொரு மூலையில் நிறுத்திவிட்டுக் கழிவறைக்கும் கடைக்கும் போயிருந்தார்கள். யார் முதல், யார் அடுத்து என்று இரண்டு பேருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. கடைசியில் ஒரு சீன அங்கிள் நாசி லெமாக் சுற்றி வந்த பழுப்புத் தாளை விரித்து, அதன் பின்பக்கம் ஒவ்வொரு காரின் எண்ணையும் எழுதி, பெட்டியின் மேல் ஒரு தண்ணீர்ப் போத்தலை வைத்து அதை அழுத்திவிட்டார். அந்த எண்ணெய்த் தாள்தான் அன்றைக்குச் சட்டம். ஒருவரும் அதை மீறவில்லை.

முதல் துப்பாக்கியில் இருந்த கார் எண்பத்தாறு சதவீதம். அந்தக் குடும்பம் உள்ளே உட்கார்ந்து ஏர்கோன் போட்டு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தது. திரையில் வேகம் பதினெட்டு கிலோவாட்டுக்கு வந்திருந்தது. "நூறு ஆகணும், கெடா வரைக்கும் போறோம்" என்றார் அந்த மனிதர். அவருக்குப் பின்னால் பதினொரு சதவீதத்தில் ஒரு கார், உள்ளே வயதான அம்மா, கையில் விசிறி.

என் முறை வந்தபோது ஒருவர் என் கண்ணாடி ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, "கிராப்பெல்லாம் இங்கேயுமா?" என்றார். கிராப் ஓர் இ-ஹெய்லிங் செயலி. பின்சீட்டில் என் இரண்டு பிள்ளைகள், மடியில் முறுக்கு டின். நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவன்தான், "அம்மா, நம்ம கார்ல போகக் கூடாதா?" என்று கேட்டான்.

இதனால் நான் நினைப்பது கொஞ்சம் இறுகியிருக்கிறது. பண்டிகைக் கூட்டத்தில், நெடுஞ்சாலையில், ஒரு கட்டுப்பாடு வேண்டும். கண்டிப்பாக வேண்டும். எண்பதில் தானாக நிற்கட்டும், அல்லது நாற்பது நிமிடத்தோடு முடியட்டும். எல்லாருக்கும் ஒரே அளவு. முன்பு கட்டுப்பாடு என்ற சொல்லே எனக்குக் கசந்தது. அந்த விசிறி அம்மாவைப் பார்த்த பிறகு அப்படி இல்லை.

26 அக்டோபர்

பாயான் லெப்பாஸ் அண்ணன் பினாங்கிலிருந்து ஒரு நடுவழி சொல்கிறார்: பகல் பொதுமக்களுக்கு, இரவு பதினொன்றுக்குப் பிறகு இ-ஹெய்லிங்குக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார், தெரிகிறது.

அண்ணே, பெண் ஓட்டுநர்களை நினைத்துப் பாருங்கள். சார்ஜர்கள் எங்கே இருக்கின்றன? பாதி மால்களில் அவை பேஸ்மெண்டில், பி2, பி3 என்று அடியில். இரவு பதினொன்றுக்கு மேல் அங்கே கடை இல்லை, ஆள் இல்லை, விளக்கு பாதி அணைந்திருக்கும். சில இடங்களில் போன் சிக்னலே கிடைக்காது. சிக்னல் இல்லாவிட்டால் ஆப் திறக்காது, ஆப் திறக்காவிட்டால் சார்ஜ் தொடங்காது. துப்பாக்கியைக் காரில் குத்திவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சரிவுப் பாதையில் ஏறி ஒரு கோடு சிக்னல் தேடியிருக்கிறேன். அது பகலில். இரவில் அப்படி ஏறி இறங்க நான் தயாராக இல்லை, என் மகளையும் அப்படிச் செய்ய விட மாட்டேன்.

கழிவறை பூட்டியிருக்கும். கார் ரிப்பேர் ஆனால் உதவிக்கு யாரும் இல்லை. பல மால்களில் நள்ளிரவுக்கு முன்பே வாசலை அடைத்துவிடுவார்கள். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, விடியற்காலை மறுபடி எழ வேண்டியவள், இடையில் இருக்கும் அந்த நான்கைந்து மணி நேரத்தையும் சார்ஜருக்குக் கொடுத்தால் தூக்கம் எப்போது? தூங்காத ஓட்டுநரின் பின்சீட்டில் உட்காரப் போவது யார் என்பதையும் யோசியுங்கள்.

இரவில் வருபவருக்கு விலை குறை, நான் ஒப்புக்கொள்கிறேன். முடிந்தவர்கள் தாமாக இரவுக்கு நகர்வார்கள். மின்வாரியமான தெனாகாவின் வீட்டு மின்சாரத்திலேயே 2025 ஜூலையிலிருந்து நேரத்துக்கு ஒரு விலை என்ற திட்டத்தை விருப்பப்பட்டவர்கள் எடுக்கலாம். வார நாட்களில் மத்தியானம் இரண்டிலிருந்து இரவு பத்து வரைதான் அதில் விலை அதிகம். பொதுச் சார்ஜரிலும் அப்படிச் செய்யலாமே. தடை போட வேண்டிய அவசியமே வராது.

27 அக்டோபர்

பாயான் லெப்பாஸ் அண்ணன், "என் தங்கச்சியும் ஓட்டுகிறாள், இது எனக்குத் தோன்றவில்லை" என்று எழுதியிருக்கிறார். நன்றி அண்ணே. தங்கச்சியைக் கேட்டுச் சொல்லுங்கள், தீவில் எந்தச் சார்ஜர் வெளிச்சத்தில், ரோட்டுப் பக்கம் இருக்கிறது என்று. பாலம் தாண்டி வரும் தோழிகளுக்குச் சொல்ல வேண்டும்.

31 அக்டோபர்

நேற்று புரோட்டோன் இ.மாஸ் 5 மின்சாரக் கார் வெளியானது. அறுபதாயிரம் வெள்ளிக்குள் தொடங்குகிறது. எங்கள் ஓட்டுநர் குழுவில் காலையிலிருந்து இதே பேச்சு, இரண்டு பேர் முன்பணம் கட்டவே போய்விட்டார்கள். முழுதாக இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்கு வரிவிலக்கு 2025 டிசம்பர் 31-இல் முடிகிறது. அதனால் அந்தப் பக்கமும் ஆட்கள் ஓடி ஓடி வாங்குகிறார்கள். அடுத்த ஆண்டு சார்ஜர் முன்னால் நிற்கப் போகிற கூட்டத்தை இப்போதே கண்ணால் பார்க்கிறோம். டாமான்சாரா அண்ணன் இன்று கொதிப்பதற்கு இன்னும் பெரிய காரணம் வரும், எனக்கும் வரும்.

4 நவம்பர்

சரி, தடை வேண்டாம் என்றால் வேறு என்ன? எண்பது சதவீதத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். இங்கே பாதிச் சண்டை அது தெரியாமல் வருகிறது.

டிசியில் பேட்டரி பாதி காலியாக இருக்கும்போது வேகமாக இழுக்கும். எண்பதை நெருங்கும்போது கார் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பேட்டரி சூடாகிக் கெடாமல் இருக்க. இருபதிலிருந்து எண்பதுக்கு ஆகும் நேரமும், எண்பதிலிருந்து நூறுக்கு ஆகும் நேரமும் சில கார்களில் ஏறக்குறைய ஒன்றாகவே வந்துவிடும். அந்தக் கடைசி இருபதுக்காகத்தான் பின்னால் இருப்பவர்கள் பல்லைக் கடிக்கிறார்கள்.

அப்படியும் ஏன் சிலர் நூறு வரை நிற்கிறார்கள்? இன்றைக்கு இங்கே ஓடும் மலிவான மின்சாரக் கார்களில் பலவற்றில் எல்எஃப்பி என்ற வகை பேட்டரி. அந்த வகையை அவ்வப்போது முழுதாக நூறுக்கு ஏற்ற வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார், இல்லாவிட்டால் சதவீதக் கணக்கு தவறிவிடும். வீட்டில் சார்ஜர் உள்ளவர் அதை ராத்திரியில் முடித்துக்கொள்வார். பிளாட்டில் இருப்பவர் எங்கே போவார்? அவர் டிசியில் நின்று ஏற்றுவதுதான் உங்கள் கண்ணில் படுகிறது. பக்கத்தில் மெதுவான ஏசி சார்ஜர் நான்கு இருந்தால் அவரே அங்கே போய்விடுவார், விலையும் குறைவு.

இன்னொரு சிக்கல், பகிர்வு. பெட்டியின் மேல் அறுபது கிலோவாட் என்று எழுதியிருக்கும். நான் குத்தும்போது திரையில் ஐம்பத்தெட்டு ஓடும். பக்கத்துத் துப்பாக்கியை ஒருவர் எடுத்துக் குத்துவார், அடுத்த நொடி எனக்கு இருபத்தொன்பது. அவருக்கும் இருபத்தொன்பது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். இருபது நிமிடத்தில் கிளம்ப வேண்டியவள் நாற்பது நிமிடம் நிற்பேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு "கிராப்காரி நகரவே மாட்டேங்கிறாள்".

ஆகவே நான் கேட்பது: கியூ இருக்கும் நேரத்தில் டிசியில் எண்பதோடு நிறுத்து. முடிந்த பிறகும் துப்பாக்கியைக் கழற்றாமல் நின்றால் நிமிடத்துக்குக் காசு போடு. சில இடங்களில் ஏற்கெனவே போடுகிறார்கள், எல்லா இடத்திலும் போடு. சனிக்கிழமை நூறு ஆன காரை விட்டுவிட்டுப் படம் பார்க்கப் போனவருக்கும் அதே காசு, எனக்கும் அதே காசு. டாஷ்போர்டில் போன் நம்பர் வைத்திருக்கிறேன் என்பது சாக்கு ஆகாது. அழைத்தால் தியேட்டருக்குள் யார் எடுக்கிறார்கள்?

9 நவம்பர்

கிள்ளான் தம்பி ஒன்று எழுதியிருக்கிறார், அவர் ஓட்டுவது வாடகைக்கு எடுத்த மின்சாரக் கார். தினமும் வாடகை கட்டுகிறார். காரைக் கொடுத்த நிறுவனம் அதே மாதிரிக் கார்களை நிறைய வாங்கி ஓட்டுநர்களுக்கு விட்டிருக்கிறது. அதற்குச் சொந்தமாக ஒரு சார்ஜர்கூடக் கிடையாது. "ஆப்பில் பார்த்து எங்கே இருக்கிறதோ அங்கே போட்டுக்கொள்" என்று சொல்லிச் சாவியைக் கொடுக்கிறார்கள்.

தொழில் செலவில் தனி இடம் பார்க்க வேண்டியவர் இங்கேதான் இருக்கிறார், டாமான்சாரா அண்ணே. உங்கள் வாதத்தின் சரியான முகவரி அதுதான். கார்களைக் கூட்டமாக வாங்கி லாபம் பார்ப்பவர், அந்தக் கார்களுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று காட்டிய பிறகுதான் பெர்மிட் வாங்க வேண்டும். இத்தனை காருக்கு இத்தனை சார்ஜர் என்று அபாட் ஓர் அளவு வைக்கட்டும். கிள்ளான் தம்பியைச் சார்ஜரிலிருந்து விரட்டினால் அந்த நிறுவனத்துக்கு ஒரு காசு நஷ்டம் இல்லை, தம்பி அன்றைய வாடகையைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

வெளியூரில் இதைச் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள். லண்டனில் 2018 ஜனவரியிலிருந்து புதிதாக உரிமம் வாங்கும் கறுப்பு டாக்சி புகையில்லாமலும் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். விதியோடு நிற்கவில்லை, நகரப் போக்குவரத்துத் துறை வைத்த வேகச் சார்ஜர்களில் ஒரு பங்கை டாக்சிக்கென்றே ஒதுக்கினார்கள். பொதுச் சார்ஜரில் கூட்டம் குறைய அது ஒரு வழி. சீனாவின் ஷென்ஷென் நகரம் 2017 முடிவில் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பஸ்களையும், அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய எல்லா டாக்சிகளையும் மின்சாரத்துக்கு மாற்றியது. சார்ஜர் கட்டுவதற்கும் அரசாங்கம் பணம் போட்டது. ஓட்டுகிறவருக்கு முதலில் ஓர் இடம் கொடுத்தார்கள். நாம் கொடுக்காமலேயே விரட்டுவதைப் பற்றிப் பேசுகிறோம்.

பங்சார், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நகராண்மையின் திறந்தவெளிக் கார் நிறுத்துமிடங்கள் இருக்கின்றன. ஒரு மூலையில் நான்கு சார்ஜர், ஒரு விளக்கு, ஒரு கழிவறை. ஓட்டுநர்களுக்கென்று ஒதுக்குங்கள். மாலுக்கு வரவே மாட்டோம். மாலில் பார்க்கிங் காசு கட்டி நிற்க எங்களுக்கு ஆசையா என்ன?

10 நவம்பர்

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். நிறுவனத்தின் டெப்போவை மட்டும் நம்பினால் ஆபத்து உண்டு. இந்தியாவில் டில்லியிலும் பெங்களூரிலும் ஓடிய புளூஸ்மார்ட் மின்சார வாடகைக் கார்களுக்குச் சொந்தமாகப் பெரிய சார்ஜ் நிலையங்கள் இருந்தன. 2025 ஏப்ரலில் நிறுவனம் சேவையை நிறுத்தியது, ஓட்டுநர்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். கார் ஓர் ஆளுடையது, சார்ஜர் அதே ஆளுடையது என்றால், அந்த ஆள் விழும்போது எல்லாமே விழுகிறது. ஆகவே நிறுவனங்கள் கட்டட்டும், அதற்காகப் பொதுச் சார்ஜரின் கதவை ஓட்டுநருக்கு அடைக்க வேண்டாம்.

15 நவம்பர்

இன்று மத்தியானம் ஒரு மாலில் சார்ஜருக்கான நான்கு பச்சைக் கட்டங்களில் இரண்டில் பெட்ரோல் கார்கள். ஒன்று வெல்ஃபயர். காவலரிடம் போய்ச் சொன்னேன். "மேடம், சார்ஜர் கட்டம்தான் லிப்டுக்குப் பக்கம், என்ன செய்யட்டும்" என்கிறார். பாவம், அவருக்கு அபராதம் போடும் அதிகாரம் இல்லை. ஒரு கூம்பை எடுத்து வைக்க மட்டும்தான் அவரால் முடியும், அதையும் நகர்த்திவிட்டு நிறுத்துகிறார்கள்.

இத்தனை பக்கம் நாம் எழுதியதில் இவர்களைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை. மின்சாரமே தேவைப்படாத கார் அடைத்துக்கொண்ட கட்டத்துக்காக, மின்சாரம் தேவைப்படும் இரண்டு பேர் சண்டை போடுகிறோம். சார்ஜர் கட்டங்களை லிப்டிலிருந்து தள்ளி வையுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். நான் நடக்கத் தயார்.

22 நவம்பர்

டாமான்சாரா அண்ணன் மறுபடி எழுதியிருக்கிறார். வீட்டில் சார்ஜர் இருக்கிறதாம், மாலில் போடுவது வசதிக்காகத்தானாம். இனி சனிக்கிழமை மாலையில் டிசியை விட்டுவிடுகிறேன் என்கிறார். ஆனால் வாடகை நிறுவனங்கள் விஷயத்தில் தான் சொன்னதில் மாற்றம் இல்லை, அந்தக் கார்களுக்குத் தடை வரத்தான் வேண்டும் என்கிறார். அண்ணே, முதலாவதற்கு மனமார நன்றி. இரண்டாவதில், நிறுவனத்துக்கு நிபந்தனை வையுங்கள், காரை ஓட்டி வந்த ஆளை அனுப்பிவிடாதீர்கள். இதில் நாம் ஒத்துப்போகவில்லை, பரவாயில்லை.

எங்கள் பிளாட்டுக் கூட்டம் ஜனவரியில். கீழே காவலர் குடிலுக்குப் பக்கத்தில் இரண்டு ஏசி சார்ஜர் வைக்க நானும் இன்னும் சில வீடுகளும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். வெளிநிறுவனம் தன் செலவில் வைத்து, யூனிட்டுக்குக் காசு வாங்கிக்கொள்ளும் முறைதான் கேட்டிருக்கிறோம், அதனால் கார் இல்லாத வீட்டுக்குச் சேவைக் கட்டணம் ஏறாது. மூன்றாம் மாடிப் பாட்டி கார் இல்லாமலேயே கையெழுத்துப் போட்டார், பேரன் வரும்போது உதவும் என்று. மீட்டர் அறையைப் பார்த்த மின்பணியாளர் இரண்டு தாங்கும், நான்கு தாங்காது என்றார்.

இதே போல் தங்கள் பிளாட்டில் கேட்க நினைப்பவர்கள் முதலில் மூன்றை விசாரியுங்கள்: கட்டடத்துக்கு வரும் மின்சாரத்தில் எவ்வளவு மிச்சம், கார் நிறுத்துமிடம் யார் பெயரில், கூட்டத்தில் எத்தனை வீட்டு ஓட்டு வேண்டும். கிள்ளான் தம்பி கேட்ட கடிதத்தின் நகலை நாளை சவாரி முடிந்ததும் அனுப்புகிறேன். அதில் எங்கள் கட்டடத்தின் பெயரை எடுத்துவிட்டு உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள், தம்பி. மலாயிலும் ஒரு நகல் வைத்திருக்கிறேன், மேனேஜ்மென்ட்டுக்கு அதைக் கொடுங்கள்.